தூங்கவும் பழக்கலாம்

என் தம்பிக்கு எட்டு வயது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ளவன். இரவு பதினொன்றரைக்கு முன்பு அவன் தூங்குவது அரிது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டுவிடுவான். அவனுடன் ஒரே அறையில் படுக்கும் நான், தொடக்கக் கல்லூரி வகுப்பில் கண் எரிய அமர்ந்திருப்பேன். அம்மா தூக்கக் கலக்கத்துடனேயே வேலைக்குப் போவார்.

மதியிறுக்கமுள்ள பிள்ளைகளில் 50 முதல் 80 விழுக்காட்டினர் வரை தூக்கச் சிக்கலை எதிர்நோக்குவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் சுரப்பில் சிலருக்கு வேறுபாடு இருக்கலாம். மின்விசிறியின் சத்தமோ சட்டைத் துணியின் உறுத்தலோ சிலரை விழிக்க வைக்கும். பிடித்த விளையாட்டை விட்டுவிட்டுப் படுக்கைக்கு மாறுவதே சிலருக்குப் பெரும்பாடு.

அமெரிக்க நரம்பியல் கழகம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி, தூக்கத்தைக் கெடுக்கும் உடல்நலக் கோளாறோ மருந்தோ உள்ளதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. அடுத்து நடத்தைசார் சிகிச்சை. அது போதாவிட்டால்தான் மெலட்டோனின். பலரும் வாங்கும் எடைப் போர்வை தூக்கத்துக்கு உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அது கூறுகிறது.

எங்களுக்கு வழிகாட்டிய சிகிச்சையாளர், தம்பி தூங்கும், விழிக்கும் நேரத்தை இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னார். பின்னர், “பதினொன்றரைக்கே படுக்க வையுங்கள்” என்றார். அப்பாவுக்கு ஒரே வியப்பு. ஆனால் காரணம் இருந்தது. தூக்கம் வராமல் இரண்டு மணி நேரம் புரளும் பிள்ளைக்குப் படுக்கை என்பது விழித்திருக்கும் இடமாகிவிடும். தூக்கம் வரும் நேரத்தில் படுத்தால் உடனே தூங்கப் பழகுவான். அதன்பிறகு சில நாள்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வைக்கவேண்டும். காலையில் எழும் நேரமோ மாறக்கூடாது. பகல் தூக்கமும் கூடாது.

குளியல், பல் துலக்குதல், கதைப் புத்தகம், விளக்கணைப்பு என நான்கு பட அட்டைகளைச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் தம்பியே அட்டையை எடுத்துப் பெட்டியில் போடுவான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசிக்கு விடை.

நள்ளிரவில் எழுந்தால் அதிகம் பேசாமல் படுக்கைக்கு அழைத்துச் செல்லவேண்டும். இதுதான் ஆகக் கடினம். முதல் சில இரவுகளில் அழுகை கூடும், பிறகுதான் குறையும். கூடும்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் நேரம் அழுதால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். “பேரன் அழுறப்ப எப்படிம்மா சும்மா படுத்திருக்கிறது?” என்று பாட்டி கலங்கினார். காரணத்தைச் சொன்ன பிறகு அவரும் எங்களுடன் உறுதியாக நின்றார்.

இரண்டு மாதங்களில் தம்பி பெரும்பாலான இரவுகளில் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறான். காய்ச்சலோ பள்ளி விடுமுறையோ வந்தால் மீண்டும் குழம்பும். அப்போது அட்டைகளையும் நேரத்தையும் விடாமல் தொடர்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், பலதுறை மருந்தக மருத்துவரிடமோ பிள்ளையின் பள்ளியிலோ முதலில் பேசுங்கள். நீங்களாகவே மாத்திரை கொடுக்கவேண்டாம். அண்ணன், அக்காமார்கள் தூக்கக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், களைத்துப்போன பெற்றோருக்கு அதுவே பெரிய துணை.