சிலிக்கான் சந்தை – 12: வாலில்லாப் பெயர்கள்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்புகிறவர்களின் நிரந்தரப் புலம்பல் ஒன்று உண்டு: எண் புரிகிறது, அதன் பின்னால் தொங்கும் வால்தான் புரியவில்லை. டிஐ, சூப்பர், டிஐ சூப்பர், எக்ஸ்டி, எக்ஸ்டிஎக்ஸ், ஜிஆர்இ என்று என்விடியாவும் ஏஎம்டியும் மாற்றி மாற்றி ஒட்டும் எழுத்துகள் நம்மைக் குழப்பத்தான் என்பது பரவலான எண்ணம். எண்ணம் முழுத் தவறல்ல. கோபம்தான் இடம் மாறி விழுகிறது. வால் ஒட்டிய பெயர் ‘இது வேறு, அது வேறு’ என்பதையாவது ஒப்புக்கொள்கிறது. வாங்குபவரின் பணத்துக்கு அதிகம் வேட்டு வைத்தவை, ஒட்ட வேண்டிய இடத்தில் எதையும் ஒட்டாமல் விட்ட பெயர்கள்.

முதலில் வால் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரே தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சிப்புகள் எல்லாமே பழுதில்லாமல் வருவதில்லை. பழுதான கோர்களை முடக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு படி கீழே வேறு பெயரில் விற்பது இந்தத் தொழிலின் வாடிக்கை. இதில் மோசடி ஏதுமில்லை. அப்படி விற்காவிட்டால் நல்ல சிப்பின் விலைதான் ஏறும். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070-இல் 5888 கோர்கள். அதே ஜிஏ104 சிப்பில் 4864 கோர்களை மட்டும் இயங்கவிட்டால் அது 3060 டிஐ. டிஐ இல்லாத 3060-இல் இருப்பதோ ஜிஏ106 என்ற வேறொரு சிறிய சிப், கோர்கள் 3584. பெயரளவில் 3060-உம் 3060 டிஐ-யும் உடன்பிறப்புகள், ரத்த உறவு என்னவோ 3070-உடன். ஆக, வால் ஒரு வரிசையைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 2024 ஜனவரியில் வந்த சூப்பர் கார்டுகளையே பாருங்கள். 4070-இல் 5888 ஆக இருந்த கோர்கள் 4070 சூப்பரில் 7168 ஆயின. கிட்டத்தட்ட 22 சதவீத ஏற்றம். 4080-இல் 9728 ஆக இருந்தவை 4080 சூப்பரில் 10240 ஆயின, 5 சதவீதம்தான். கேமில் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். அந்த கார்டில் உண்மையான செய்தி, 1199 டாலர் 999 டாலராக இறங்கியது. ஒரே மாதம், ஒரே நிறுவனம், ஒரே சொல். ஓரிடத்தில் அது வேகம், இன்னோரிடத்தில் தள்ளுபடி.

வரிசை என்பதுகூட எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. டிஐ முதலில் தலைகாட்டியது 2001-இல்தான். அந்த ஆண்டின் ஜிஃபோர்ஸ் 3 வரிசையைப் பாருங்கள். டிஐ 500 மூத்த ஜிஃபோர்ஸ் 3-ஐவிட வேகமானது. டிஐ 200 அதைவிட மெதுவானது, 200 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 175. பிறந்தபோது டிஐ உயர்வுக்கும் இருந்தது, தாழ்வுக்கும் இருந்தது. எக்ஸ்டியின் கதை நேர்மாறு. 2003-இல் ரேடியான் 9800 எக்ஸ்டி என்றால் பின்னாளில் ஏஎம்டி வசமான ஏடிஐ நிறுவனத்தின் உச்சப் பொருள்; 2022-இன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 64 பிட் மெமரி பாதையும் மதர்போர்டுடன் பேச நாலே இழைகளும் கொண்ட அடித்தட்டு கார்டு. கார்டு தயாரிப்பாளர்கள் கடைசியில் சேர்க்கும் ஓசி (ஓவர்கிளாக்) என்ற எழுத்துகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓரிரு சதவீதம், அவ்வளவே. இத்தனை ஓட்டை இருந்தும் வாலுக்கு நான் பரிந்து பேசுவது ஒரே காரணத்துக்காக: 4070-க்கும் 4070 சூப்பருக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியை அது எழுப்பிவிடுகிறது. கேள்வி எழுந்தவர் நாலு பேரிடம் விசாரிப்பார்.

கேள்வியே எழாத இடத்துக்கு வருவோம். 2017-இல் வந்த ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 மெமரி. நொடிக்கு 48 ஜிபி தரவு பாயும். அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியுடன் ஒரு கார்டு வந்தது. பாய்ச்சல் 16.8 ஜிபி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. கோர்கள் இரண்டிலும் 384. பெயர் இரண்டுக்கும் ஜிடி 1030. பல கேம்களில் வேகம் மட்டும் ஏறக்குறையப் பாதி. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1060 இதைவிட நாசூக்கானது. 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வகை. மெமரி மட்டும்தான் குறைவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோர்களும் 1280-லிருந்து 1152-ஆகக் குறைந்திருந்தன. ஆர்டிஎக்ஸ் 3060-இன் 8 ஜிபி வகையில் கோர்களைத் தொடவில்லை; மெமரி பாதையை 192 பிட்டிலிருந்து 128-ஆகச் சுருக்கினார்கள். ஏஎம்டியும் சளைத்ததல்ல: 1024 கோர்களுடன் வந்த ஆர்எக்ஸ் 560, அதே ஆண்டில் 896 கோர்களுடனும் அதே பெயரிலேயே விற்கப்பட்டது.

விவரமெல்லாம் பெட்டியிலும் நிறுவனத்தின் தளத்திலும் அச்சிட்டிருக்கிறதே, படிக்காதது வாங்குபவரின் தவறல்லவா என்று கேட்கலாம். ஜிபி அச்சிட்டிருக்கும், உண்மை. கோர் எண்ணிக்கையும் பாதையின் அகலமும் எல்லாப் பெட்டியிலும் இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, வாங்குபவர் படித்துவிட்டுத்தான் வருகிறார். அவர் படித்தது முதலில் வந்த நல்ல கார்டுக்கு எழுதிய விமர்சனத்தை. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்தப் பாராட்டு முழுவதும் இளைத்த கார்டின் கணக்கில் வரவாகிறது. மெமரி அளவை எழுதுவதே ஒரு வால்தானே என்றால், சில சமயம் ஆம். 4060 டிஐ-யின் 8 ஜிபி, 16 ஜிபி வகைகளில் சிப் ஒன்று, கோர்கள் 4352, பாதை 128 பிட். மாறுவது மெமரி மட்டுமே. அங்கே அந்த எண் நேர்மையானது. 1060-இல் அதே எண் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைத்தது.

இன்னும் வால் கூடினால் குழப்பம் கூடாதா என்பது நியாயமான கேள்வி. கூடும்தான். ஆனால் குழம்பியவர் பர்ஸை உடனே திறப்பதில்லை. மேலும், தேவைப்பட்டால் நிறுவனங்களுக்குத் துல்லியமாகப் பெயர் வைக்கத் தெரியும். 2023-இல் அமெரிக்க அரசு சீனாவுக்கான ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இறுக்கியதும், 4090-இன் 16384 கோர்களை 14592-ஆகக் குறைத்து 4090 டி என்று தனிப் பெயரில் சீனாவில் இறக்கினார்கள். வெட்டு 11 சதவீதம். 1060-இல் நடந்ததைவிட ஒரு மயிரிழை கூடுதல். ஆனால் இங்கே கணக்குப் பார்க்க ஒரு அரசாங்கம் இருந்தது.

லேப்டாப் பக்கம் இந்த வாலில்லாப் பெயர்ச் சிக்கல் இன்னும் மோசம். ஒருகாலத்தில் லேப்டாப் சிப்புக்கு எம் என்ற எழுத்து உண்டு. 2016-இல் அதை எடுத்தபோது காரணம் இருந்தது: லேப்டாப் 1080-இலும் மேசைக் கணினி 1080-இலும் அதே 2560 கோர்கள். எழுத்து போனது போனதுதான், சமத்துவம் நிலைக்கவில்லை. மேசைக் கணினி 4090-இல் 16384 கோர்கள், 24 ஜிபி. லேப்டாப் 4090-இல் 9728 கோர்கள், 16 ஜிபி. அந்த 9728 மேசைக் கணினி 4080-இன் கோர் எண்ணிக்கை, சிப்பும் அதே ஏடி103. என்விடியா தன் ஆவணங்களில் ‘லேப்டாப் ஜிபியூ’ என்று சேர்த்துத்தான் எழுதுகிறது. விளம்பரத்தில் அந்த இரண்டு சொல்லும் முதலில் உதிர்கின்றன. போதாக்குறைக்கு, லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் லேப்டாப் தயாரிப்பாளர் பொருத்தலாம். வேகத்தைத் தீர்மானிக்கும் அந்த எண் பெயரில் எங்குமே கிடையாது. முன்பு மேக்ஸ்-க்யூ என்ற வால் குறைந்த வாட்டையாவது காட்டிக்கொடுத்தது. 2021-இல் பெயரிலிருந்து அதுவும் போயிற்று.

ஒரு பெயருக்கு என்ன விலை என்பதைச் சந்தை ஒரே ஒரு முறை வெளிப்படையாகக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் என்விடியா இரண்டு 4080 கார்டுகளை அறிவித்தது: 16 ஜிபி, 9728 கோர்கள், 1199 டாலர்; 12 ஜிபி, வேறு சிப், 7680 கோர்கள், 899 டாலர். எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் 12 ஜிபி கார்டு விற்பனைக்கு வருமுன்பே திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜனவரியில் அதே சிப், அதே 7680 கோர்கள், அதே 12 ஜிபி, 4070 டிஐ என்ற பெயரில் கடைக்கு வந்தன. விலை 799 டாலர்.