மீண்டும் உறுமும் புல்வெட்டி

எல்லைக் கிராமங்களில் மூலையில் கிடக்கும் பழைய இயந்திரங்களுக்கு மறுவாழ்வு சாத்தியம்தான். ஆனால் இப்போது தலைவலி பெட்ரோலில்.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது குன்னத்துகால். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழைக்கும் புல் மண்டும். ரப்பர் தோட்டத்தில் தோளில் மாட்டிக்கொள்ளும் காடுவெட்டி மெஷின்; வீட்டு முற்றத்திலும் பள்ளி மைதானத்திலும் சக்கரம் வைத்த புல்வெட்டி. இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே: ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அது நின்றுவிட்டால் முதலில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்கு அருகே ஒரு மூலை. பிறகு பழைய இரும்புக் கடைக்காரரின் தராசு.

தராசில் ஏற்ற அவசரப்பட வேண்டியதில்லை. இந்த இயந்திரம் அடிப்படையில் எளிமையானது. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் இதை உருவாக்கியபோது, கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் ஆலை இயந்திரமே அவருக்கு முன்மாதிரி. 1952-ல் சிட்னியில் மெர்வின் ரிச்சர்ட்சன் தன் வீட்டு கராஜில் செய்த முதல் விக்டா புல்வெட்டிக்கு, காலியான பீச் பழ டின்தான் பெட்ரோல் டாங்க். தகர டின்னோடு தொடங்கிய இயந்திரத்தைத் திருத்த ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் போதும்.

வேலையில் இறங்குமுன் ஒரு விதி: ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டு பிளேடைக் கையால் சுழற்றினால் என்ஜின் உயிர்பெற்று விரலைப் பதம் பார்த்துவிடும்.

பல வருடம் கிடந்த என்ஜினில் பிஸ்டன் இறுகியிருக்கும். கயிற்றை வெறியோடு இழுப்பதில் பயனில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்துவிட்டால் பார்க்க வேண்டியவை மூன்று: தீப்பொறி, பெட்ரோல், அழுத்தம்.

தீப்பொறி இல்லையென்றால் பழைய மாடல்களில் குற்றவாளி பெரும்பாலும் ஃபிளைவீலுக்கு அடியில் கரி படிந்த பாயிண்ட். ஃபிளைவீலில் இருக்கும் சிறு சாவியையும் கவனிக்க வேண்டும். பிளேடு கல்லில் மோதினால் கிராங்க் தண்டைக் காப்பாற்றத் தானே அறுந்துபோவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது அது. அறுந்தால் தீப்பொறி நேரம் தவறும். நன்றாக இருக்கும் என்ஜினும் கிளம்பாது. பெட்ரோல் வரவில்லையென்றால் கார்பரேட்டரைப் பிரித்து, பிசின் அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் பெரிய வேலை: வால்வுக்குப் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது, பிஸ்டன் ரிங் மாற்றுவது, புது கேஸ்கெட் வைப்பது. கடைசியில் பிளேடு. சாணை பிடித்ததும் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனம் என்று தெரியும். சமநிலை தவறினால் அதிர்வே புது என்ஜினையும் தின்றுவிடும்.

இத்தனையும் செய்த இயந்திரம் அடுத்த மழைக்குள் மறுபடி படுத்துவிடலாம். காரணம் எரிபொருள். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு 2025-ல் எட்டிவிட்டது. சிறிய என்ஜின்கள் பலவற்றுக்கு அவற்றின் தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 10 சதவீதம்வரைதான். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியாகத் தங்கும். பழைய ரப்பர் குழாயும் டயாபிரமும் ஊதிப்போகும். தினமும் ஓடும் ஸ்கூட்டரைவிட, மாதக்கணக்கில் சும்மா நிற்கும் புல்வெட்டிக்கே ஆபத்து அதிகம். ஆகவே ரப்பர் பாகங்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும், வேலை முடிந்ததும் டாங்க்கையும் கார்பரேட்டரையும் காலி செய்து வைப்பதும் இன்றைய மராமத்தில் பாதி.

இன்னொரு கவலை உதிரி பாகம். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. ஆனால் உற்பத்தி நின்றுபோன மாடலுக்குக் கைகொடுப்பது அதே அளவுள்ள வேறு என்ஜினின் ரிங்கும், லேத் பட்டறையும்தான்.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் வரையப்பட்ட அந்தக் கோடு பட்டறைகளுக்குப் பொருட்டில்லை. பிளக், பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெயர்தான். கயிற்றை இழுத்ததும் வெள்ளைப் புகை கக்கி, இருமி, பிறகு சீராகப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்துக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.