பழுவேட்டரையரும் வாசக மனமும்: பொன்னியின் செல்வனில் பதைப்பும் அற உணர்ச்சியும்

முடிவு தெரிந்த கதையில், அடுத்து என்ன நிகழுமோ என்னும் பதைப்பு எவ்வாறு தோன்றுகிறது? 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் இவ்வினாவுக்குத் தக்க களமாகும். ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான், அருள்மொழி பின்னாளில் இராசராசனாவான் என்பன வரலாறு கற்றார் அறிந்தவை. அறிந்தவரையும் அத்தொடர் கட்டிப்போட்டது.

கதையில் எழும் பதைப்பு, பாத்திரங்கள்மீது நாம் வழங்கும் அறத்தீர்ப்பைச் சார்ந்தது என்பது ஊடக உளவியலாளர் டால்ஃப் சில்மனின் கருத்து. நாம் நல்லவராகக் கருதுபவருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சுகிறோம். வந்தியத்தேவனைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதும். பெரிய பழுவேட்டரையரிடம் அது போதவில்லை.

அவரது பழுவூர், 2007-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என இன்றும் உள்ளது. கீழையூர் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் பழுவேட்டரையர் எழுப்பிய கோயில். கல்வெட்டில் கொடையாளராக நிற்கும் மரபினர் புதினத்தில் ஐயத்துக்குரியவராகின்றனர்.

போர்களில் பெற்ற 64 விழுப்புண்களையுடைய முதியவர், இளம் மனைவியின் மூடுபல்லக்கோடு ஊர் ஊராகச் செல்கிறார். ஊரார் நகைக்கின்றனர்; வாசகரும் உடன் நகைக்கிறார். கடம்பூர் மாளிகையில் அப்பல்லக்கிலிருந்து மதுராந்தகர் வெளிப்படும்போது, நகைப்புக்குரிய பொருளே சதியின் கருவியாகி அச்சம் தருகிறது. பதைப்பும் அறத்தீர்ப்பும் ஒரே பல்லக்கில் பயணம் செய்தன எனலாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்குப் பெரிதும் துணைநிற்கிறது. நகையின் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் உள்ளன. இளிவரலுக்கு மூப்பு ஒரு நிலைக்களன். அழுகைக்கு இளிவே ஒன்று. எள்ளப்பட்ட முதியவரின் இளிவு, இறுதியில் அவர்பொருட்டு நாம் கொள்ளும் அழுகைக்கு வித்தாகும் வழியை இவ்வைப்பு காட்டுகிறது. சில்மனின் கோட்பாடு தீர்ப்பு மாறுவதை ஏற்கும். ஓர் உணர்ச்சி மற்றொன்றன் நிலைக்களனாவதைத் தொல்காப்பியமே நுட்பமாகப் பிடிக்கிறது.

கரிகாலனைக் கொன்ற கை எது என்பதைக் கல்கி ஐயமறச் சொல்லவில்லை. பழியைத் தம்மேல் ஏற்றுப் பழுவேட்டரையர் உயிர்துறக்கும்போது, கொன்றவர் யார் என்று தேடிவந்த வாசகர் இவரை வெறுப்பதா, இரங்குவதா என்னும் வேறொரு பதைப்புக்கு ஆளாகிறார். இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டுகிறது. பழுவேட்டரையர் எவரையும் அது குற்றஞ்சாட்டவில்லை.