சேற்றில் உழைக்கும் வண்டிக்கு பிரேக் எத்தனை நாள் வரும்?

பொத்தேரி, காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் வயலுக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. சேற்றுழவு முடித்த டிராக்டர் சிறிது நேரத்தில் பஸ்ஸும் லாரியும் விரையும் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறது. உர மூட்டை ஏற்றிச் செல்லும் ஜீப்பும் அப்படியே. வயலில் வண்டி பழுதானால் ஒரு நாள் வேலை கெடும். சாலையில் பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் பிரேக்கின் ஆயுளை அறிந்திருப்பது அவசியம்.

கிலோமீட்டர் கணக்கு போதாது

தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டியில் முன் சக்கர பிரேக் பேட் பொதுவாக 30 ஆயிரம் முதல் 60 ஆயிரம் கிலோமீட்டர் வரை உழைக்கும். சேற்றிலும் மணலிலும் இறங்கும் ஜீப்புக்கு இக்கணக்கு பொருந்தாது. பேட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே சிக்கும் மணல், உப்புத்தாள் போல இரண்டையும் அராவிவிடும். சில புதிய வண்டிகளில், சேற்றில் வெறுமனே சுழலும் சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டு அடக்குகிறது. ஓட்டுபவர் பெடலைத் தொடாதபோதும் பேட் தேய்கிறது.

ஆகவே கனத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புதிய பேட்டில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்தால், அதாவது ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய கனத்துக்கு வந்தால், மாற்றிவிட வேண்டும். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், லைனர் தேய்ந்து ரிவெட் தலை டிரம்மில் உரசும் வரை விடக்கூடாது.

கடலோர விவசாயிகளுக்கு

மாமல்லபுரம், கோவளம் பக்கத்தில் உப்புக் காற்றால் காலிப்பர் துருவேறி இறுகிவிடும். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பேட் டிஸ்கை விடாது. சக்கரம் அளவுக்கு மீறிச் சூடாவதும், வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் இதன் அறிகுறிகள். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டிராக்டரில் கவனிக்க வேண்டியவை

இப்போதைய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் சேறு எளிதில் புகாது, தேய்மானமும் குறைவு. ஆனால் சேற்றுழவின்போது சீல் பழுதாகித் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் பால் போல் வெளுத்துவிடும். அப்படிக் கண்டால் சீலைச் சரி செய்து எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். உலர் பிரேக் உள்ள பழைய டிராக்டரை ஒவ்வொரு பட்டமும் சேற்றுழவு முடிந்ததும் பிரித்துச் சுத்தம் செய்வது சிறந்தது.

வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த இடது, வலது பெடல்களைச் சாலையேறும் முன் கொக்கியிட்டு இணைத்துவிட வேண்டும். மறந்து ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வேகத்தில் டிராக்டர் சுழன்று கவிழ்ந்துவிடும். இரண்டு பெடல்களும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

ஆயுளைக் கூட்டும் வழிகள்

வேலை முடிந்த அன்றே, சக்கரம் ஆறிய பிறகு, உட்புறச் சேற்றைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ஈரமான பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆகவே சாலையேறும் முன் வண்டியை மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை லேசாக மிதித்து உலர்த்திக்கொள்ளவும். சரிவில் இறங்கும்போது கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தை அடக்கும்படி விடவும். பழைய லைனர் தூசில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலைக் கெடுக்கும். காற்றடித்து ஊதக்கூடாது.

விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டை வாங்குவது வீண். 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற பிரேக் தொழிற்சாலைகள் நம் சென்னையிலேயே உள்ளன. தரமான உதிரிப்பாகம் கிடைப்பது அரிதல்ல. சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டமானாலும், உழவு தொடங்கும் முன் ஒருமுறையும் நெல் மூட்டை ஏற்றும் முன் ஒருமுறையும் பட்டறையில் பிரேக்கைக் காட்டிவிடுங்கள். வண்டியும் நிலைக்கும், மூட்டையும் பத்திரமாக வீடு சேரும்.