குடலுக்கும் வயது உண்டு

தாய்ப்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் சிக்கலான சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தையின் வயிற்றால் இவற்றைச் செரிக்க முடியாது. பிறகு தாயின் உடல் ஏன் மெனக்கெட்டு இவற்றைத் தயாரிக்கிறது? குழந்தையின் பெருங்குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களுக்கு இவைதான் தீனி. பிள்ளைக்கு ஊட்டும் பாலிலேயே அதன் குடல்வாசிகளுக்கும் பங்கு வைத்திருக்கிறது இயற்கை.

தாய்ப்பால் குறைந்து, சோறும் பருப்பும் கூடும்போது பிஃபிடோபாக்டீரியம் பின்வாங்கும். நார்ச்சத்தைச் சிதைக்கும் இனங்கள் பெருகும். ஏறக்குறைய 3 வயதில் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் பெரியவர்களுடையதை ஒத்துவிடும். மூளை வேகமாக வளர்வதும் இதே ஆண்டுகளில்தான். குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போகவும் வழிகள் உண்டு: வேகஸ் நரம்பு, நோய் எதிர்ப்பு மண்டலம், நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள்.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரே அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை நோபுயுகி சூடோ குழுவினர் அசையவிடாமல் அடைத்துவைத்தார்கள். மற்ற எலிகளைவிட இவற்றுக்கு மனஅழுத்த ஹார்மோன் அதிகமாகச் சுரந்தது. இளம் பருவத்திலேயே நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது இந்தப் பதற்றம் தணிந்தது. பருவம் கடந்தபின் கொடுத்துப் பலனில்லை. 2004-இல் வெளியான இந்த ஆய்வுதான் 'எப்போது' என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது.

2018-இல் வெளியான ஆய்வில் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 89 குழந்தைகளின் மலத்தை 1 வயதில் ஆராய்ந்து, 2 வயதில் அவர்களின் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். பாக்டீராய்ட்ஸ் இனம் மிகுந்திருந்த குழந்தைகள் முன்னணியில் நின்றார்கள். பெரியவர்களிடம் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருப்பது நலத்தின் அடையாளம். இங்கோ அப்படிப்பட்ட குழந்தைகளின் மதிப்பெண் குறைவாக இருந்தது. குடல் வயதை மிஞ்சி முதிர்வதும் நல்லதாக இருக்காதோ என்ற ஐயம் எழுந்தது.

ஆனால் எது காரணம், எது விளைவு? 2021-இல் ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் குறிப்பிட்ட சில உணவுகளையே விரும்பித் தின்பதால்தான் அவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் குறைகின்றன என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிந்தது. அங்கே நடத்தைதான் குடலை மாற்றியிருக்க வேண்டும்.

எனவே, குடலை மாற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஊட்டமில்லாத வங்கதேசக் குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லாமல் பின்தங்கியிருப்பதை, ஆய்வாளர்கள் ஜெஃப்ரி கார்டனும் தஹ்மீத் அஹ்மதும் அவர்களின் குழுவினரும் 2014-இல் கண்டறிந்தார்கள். பின்னர் டாக்காவின் மிர்பூரில் இத்தகைய குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த உணவை 3 மாதம் கொடுத்தார்கள். கலோரி அதிகமுள்ள வழக்கமான சத்துணவைத் தின்றவர்களைவிட இந்தக் குழந்தைகளின் எடை வேகமாக ஏறியது. எலும்பு, நரம்பு மண்டல வளர்ச்சியோடு தொடர்புள்ள புரதங்களும் இரத்தத்தில் கூடின. பாக்டீரியாவைப் பொடியாக்கிப் புகட்டவில்லை. குடலில் ஏற்கெனவே இருந்தவற்றுக்கு ஏற்ற தீனி போட்டார்கள், அவ்வளவுதான். புரதம் கூடுவது வேறு, புத்தி கூடுவது வேறு என்பதையும் மறக்கக்கூடாது. கடையில் விற்கும் பாக்டீரியா மாத்திரை பிள்ளையை அறிவாளியாக்கும் என்று எவராவது சொன்னால், ஆதாரத்தைத் தாண்டி அவர் பேசுகிறார்.