துவாக்கானாவும் தெயினாவும்

ஆணுக்குத் தமையனும் பெண்ணுக்குத் தமக்கையும் மாவோரி மொழியில் துவாக்கானா எனப்படுவர். ஆணுக்குத் தம்பியும் பெண்ணுக்குத் தங்கையும் தெயினா. மூப்பையும் இளமையையும் தனிச் சொல்லாற் பிரித்துரையாத ஆங்கிலேயர்க்கு இதனை விளக்கவேண்டும், தமிழர்க்கு வேண்டுவதில்லை.

நியூசிலாந்துப் பாடசாலைகளில் இன்று இவ்விரு சொற்களும், மூத்த மாணவர் இளையோர்க்கு வழிகாட்டும் முறைக்குப் பெயராய் அமைந்துள்ளன. இதற்கு நெடிய காரணமுண்டு. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிச் சிறுவர்க்கு ஆங்கிலத்தையே போதனாமொழியாக விதித்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் பல பள்ளிகளில் அடியுண்டனர். இரண்டாம் உலகப் போரின் பின் கிராமம் விட்டு நகர் புகுந்தோரின் மக்கள் பலர் அம்மொழி அறியாதே வளர்ந்தனர். பாடசாலைகளில் அதனைக் கற்பிக்குமாறு 30,000 பேருக்கு மேல் ஒப்பமிட்ட மனுவொன்று 1972 இல் பாராளுமன்றத்துக்குச் சென்றபோது முன்னின்றவர் இளைஞரே. 1982 இல் வெலிங்டனுக்கு அண்மையிலுள்ள வைனுயியோமாதாவில் முதலாவது ‘மொழிக்கூடு’ தோன்றியது. பாட்டன் பாட்டிமாரின் மொழி அங்கே குழந்தைகளிடம் நேரே சேர்ந்தது.

நேரே சேர்ந்தமையால் இடைப்பட்டோர் பெரிதும் விடுபட்டனர். இளையவன் சரளமாகப் பேச, மூத்தவன் நாவெழாது நிற்கும் நிலை உண்டாயிற்று. வழிகாட்டும் முறைக்கு உண்மைச் சோதனை இவ்விடத்திலேதான். தன் பாட்டனின் மொழியைத் தம்பியிடம் கேட்டுப் பயில்வது எளிதன்று; நாணம் தடுக்கும். மாவோரியரோ இவ்வுறவு இருதிசையுஞ் செல்லவல்லது எனக் கொள்வர்: அறிந்தவன் அவ்வேளைக்குத் துவாக்கானா. இன்று ஒரு சொல்லுக்காகத் தம்பியை நாடிய தமையன், நாளை மரச்செதுக்கிலோ ஹாக்கா ஆட்டத்திலோ அவனுக்குக் கைபிடித்துக் காட்டுவான்.