கிரிவலக் காற்றும் ‘நெகட்டிவ் அயனி’ டாலரும்: எதை நம்பலாம்?

“கிரிவலம் சுத்தி வந்தா மனசு லேசாகிடுது” – திருவண்ணாமலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மலைக்காற்றில் ‘நெகட்டிவ் அயனி’ நிறைய இருப்பதுதான் காரணம்னு சிலர் சொல்றாங்க. அதே பெயரைச் சொல்லி டாலர், வளையல், காற்றுக் கருவி எல்லாம் விற்பனைக்கு வருகின்றன. காசு கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

அயனி எப்படி உருவாகிறது?

காற்றிலுள்ள மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்றால், அதுதான் எதிர்மின் அயனி. மண், பாறையிலுள்ள இயற்கைக் கதிரியக்கம், காஸ்மிக் கதிர், மின்னல் ஆகியவற்றால் இது உருவாகும். அருவி நீர் சிதறும்போதும் காற்று மின்னேற்றம் பெறுகிறது. இதை 1892-ல் ஜெர்மன் இயற்பியலாளர் பிலிப் லெனார்டு விளக்கினார்.

இந்தச் சிறு அயனிகளுக்கு ஆயுசு குறைவு. தூசி, புகை இருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைந்துவிடும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் கற்பூரப் புகைக்கும் தூசிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அன்றைக்கும் மனசு லேசாகத்தானே செய்கிறது?

ஆய்வு என்ன சொல்கிறது?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ‘பி.எம்.சி. சைக்கியாட்ரி’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதற்றம், தூக்கம், மனநிலை ஆகியவற்றில் அயனியால் சீரான பலன் எதுவும் தெரியவில்லை. மனச்சோர்வு மட்டும், மிக அதிக அடர்த்தியில் அயனி தரும் கருவிகளைப் பயன்படுத்தியபோது குறைந்திருந்தது.

நடைதான் மருந்து

கிரிவலப் பாதை 14 கி.மீ. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் மூன்றரை மணி நேரம், அதாவது 210 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. மாதம் ஒருமுறை நடந்தால் மட்டும் போதாது. தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே கணக்கு சரியாகிவிடும்.

கவனம் தேவை

சில அயனிக் கருவிகள் ஓசோன் வாயுவையும் வெளியிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. 2021 டிசம்பரில் நெதர்லாந்து அரசு, நெகட்டிவ் அயனி தருவதாக விற்கப்பட்டவை உட்பட 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லி, அணிய வேண்டாம் என எச்சரித்தது.

எங்கே கேட்கலாம்?

• மருத்துவ ஆலோசனை: 104
• மனச்சோர்வு, தூக்கமின்மை: ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை 14416
• பொய் விளம்பரம், ஏமாற்று விற்பனை: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.